கூன்வண்டுக்குச் சம்பளம் கிடையாது

1981 பிப்ரவரியில் ஜொகூரில், குளுவாங் பக்கத்து மாமோர் தோட்டத்தில் கொஞ்சம் கூன்வண்டுகளைத் திறந்துவிட்டார்கள். அரிசிமணியில் பாதி நீளம், பழுப்பு நிறம், நீண்ட மூக்கு. எலெய்டோபியஸ் கமெரூனிகஸ் என்று பெயர். கேமரூனிலிருந்து யூனிலிவர் கம்பெனி தருவித்தது. கொஞ்ச காலத்திலேயே தீபகற்பம் முழுக்க இருந்த செம்பனைத் தோட்டங்களில் அது பரவிவிட்டது. மலேசியச் செம்பனையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த வண்டை விட்டுவிட மாட்டார்கள். நல்ல வெற்றிக்கதை. கதையின் நடுவில், கையால் மகரந்தம் தூவுவதற்கு ஆன செலவு அத்தோடு மிச்சமானது என்று ஒரு வரி வரும்.

எனக்கு அந்த வரியோடுதான் வழக்கு. அந்தச் செலவில் ஒரு பங்கு என் பாட்டி.

முதலில் மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். செம்பனை ஒரே மரத்தில் ஆண் பூங்கொத்தும் போடும், பெண் பூங்கொத்தும் போடும். ஆனால் இரண்டையும் ஒன்றாகப் போடாது. சில மாதங்கள் ஆண், பிறகு சில மாதங்கள் பெண் என்று மாறி மாறி வரும். அதனால் ஒரு மரத்தின் பெண் பூவுக்கு வேறொரு மரத்தின் தூள்தான் வந்து சேர வேண்டும். மழை குறைந்தாலோ, மட்டையை அளவுக்கு மீறி வெட்டிவிட்டாலோ ஆண் பூ கூடிவிடும். காய் சுமப்பது பெரிய காரியம். தாங்க முடியாத காலத்தில் மரம் அந்தச் சுமையை எடுத்துக்கொள்வதில்லை. நம் ஊர்ப் பனை அப்படி இல்லை. அதில் ஆண் மரம் ஆண்தான், பெண் மரம் பெண்தான். திருவோத்தூரில் ஒரு அடியார் வளர்த்த பனையெல்லாம் ஆணாகப் போக, ஊரார் கேலி பேச, சம்பந்தர் பாடி அவற்றைக் காய்க்க வைத்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. செம்பனைக்குப் பதிகம் தேவையில்லை, மழை பெய்தால் போதும். (சம்பந்தர் மட்டும் குளுவாங்குக்கு வந்திருந்தால் யூனிலிவர் அவரை விட்டிருக்காது.)

ஆப்பிரிக்காவிலிருந்து இந்த மரத்தைக் கொண்டுவந்தவர்கள் விதையை மட்டும்தான் கொண்டுவந்தார்கள். அங்கே அதற்கு வண்டு இருந்தது. இங்கே வண்டு இல்லை. மகரந்தத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும் என்றுதான் பாடப்புத்தகம் சொன்னது. காற்று பார்த்துக்கொள்ளவில்லை. அதிலும் இளம் மரங்கள் பெரும்பாலும் பெண் பூவாகவே தள்ளும், தூளுக்கு ஆண் பூ பக்கத்தில் இருக்காது. பூத்த குலை பாதி காய்த்தும் காய்க்காமலும் அழுகிப் போகும். அதனால் தோட்டங்கள் ஆள் வைத்தன. ஆண் பூவை வெட்டிவந்து, தூளை உதிர்த்துக் காயவைத்து, முகப்பவுடர் செய்கிற டால்க் மாவோடு கலந்து, ரப்பர் குமிழ் வைத்த ஊதுகுழலில் அடைத்து, பெண் பூ விரிந்திருக்கிற மரமாகத் தேடிப் போய் ஊத வேண்டும். ஒரு பூங்கொத்து தூளை ஏற்கிற நிலையில் இருப்பது இரண்டு மூன்று நாள்தான். தவறவிட்டால் போச்சு. ஆகவே ஒரே நிரையை வாரத்தில் பல தடவை சுற்றி வர வேண்டும். இந்த வேலை பெரும்பாலும் பெண்களுக்கே வந்தது.

பாட்டி இதைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டேதான் சொல்வார். "நாங்கதான்டி மரத்துக்கெல்லாம் மாப்பிள்ளை பாத்தோம். காலையில பெரட்டுல பேர் கொடுத்துட்டு, ஊதுற குழாயத் தூக்கிக்கிட்டு நிரை நிரையா போவோம். மட்டை முள்ளு கையைக் கிழிக்கும். பாம்பு கெடக்கும். பூ விரிஞ்சா சோம்பு வாசம் அடிக்கும், அத வெச்சே கண்டுபிடிச்சிருவேன். மண்டோருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்."

அந்தச் சோம்பு வாசத்தில்தான் வண்டின் கதையும் இருக்கிறது.

லெஸ்லி டேவிட்சன் என்ற தோட்டத் துரை கேமரூனில் வேலை பார்த்த காலத்தில், ஆண் பூவை இந்த வண்டுகள் மொய்ப்பதைக் கண்டார். மகரந்தம் சேர்ப்பது காற்றல்ல, இதுதான் என்று அவருக்குத் தோன்றியது. நிபுணர்கள் ஏற்கவில்லை. பிற்பாடு யூனிலிவரின் தோட்டப் பிரிவில் பெரிய பதவிக்கு அவர் வந்த பிறகுதான், பாகிஸ்தானியப் பூச்சியியலாளர் ரஹ்மான் சையதை 1977இல் கேமரூனுக்கு அனுப்பி ஆராயச் சொல்ல முடிந்தது. சையது கண்டது இதுதான். விரிந்த ஆண் பூவிலிருந்து சோம்பு வாசம் கிளம்பும். வண்டுகள் அங்கே வந்து தின்னும், கூடும், முட்டையிடும். பூ வாடிய பிறகு அதன் சதையைத் தின்றுதான் புழுக்கள் வளரும். அந்தப் பூதான் வண்டுக்குச் சோறு, அதுதான் பிரசவ அறை, அதுதான் தொட்டில். பெண் பூவில் இவை எதுவும் கிடையாது. ஆனால் விரியும் நேரத்தில் அதுவும் அதே வாசத்தை விடுகிறது, கொஞ்சம் மெலிதாக, விட்டு விட்டு. ஆண் பூ என்று நினைத்து வண்டு வருகிறது. ஒன்றும் இல்லை என்று கண்டு போய்விடுகிறது. அதற்குள் உடம்பு மயிரில் ஒட்டியிருந்த தூள் விழுந்துவிடுகிறது. அவ்வளவுதான், அஞ்சாறு மாதத்தில் பழக்குலை.

இதை எழுதுகிற உயிரியலாளர்கள் 'ஏமாற்று' என்ற சொல்லைத் தயங்காமல் பயன்படுத்துகிறார்கள். உத்தி, முதலீடு, லாபம், செலவு என்ற சொற்களையும்தான். ராபர்ட் டிரிவர்ஸ் 1972இல் எழுதிய கட்டுரையிலிருந்து 'பெற்றோர் முதலீடு' என்பது துறையின் அன்றாடச் சொல்லாகிவிட்டது. ஒரு குஞ்சுக்குத் தாய் செலவழிப்பது இன்னொரு குஞ்சுக்கு அவளால் செலவழிக்க முடியாமல் போவது, அதுதான் முதலீடு. நல்ல கருத்து. மரம் வறட்சியில் ஆண் பூ போடுவதை இதை வைத்து அழகாக விளக்கிவிடலாம். நான் சந்தேகப்படுவது கருத்தை அல்ல, சொல் போய் வருகிற பாதையை. கடைக்காரனின் கணக்குப் புத்தகத்திலிருந்து சொல்லை எடுத்துக் காட்டுக்குக் கொண்டுபோகிறோம். காட்டில் அது கொஞ்ச காலம் இருந்து இலையும் தழையும் ஒட்டிக்கொண்டு திரும்பி வருகிறது. அப்போது அது கடைக்காரன் சொல்லாகத் தெரிவதில்லை. இயற்கையின் சொல்லாகத் தெரிகிறது.

தொல்காப்பியர் வேறு வழியில் போனார். மரபியலில் அவர் குட்டி, கன்று, குருளை, பறழ், பார்ப்பு, பிள்ளை என்று இளமைப் பெயர்களை வரிசைப்படுத்தி, எந்த உயிருக்கு எது பொருந்தும் என்று சொல்லிக்கொண்டே போகிறார். அந்த வரிசையிலிருந்து மரம் செடிக்கும் பெயர் கிடைக்கிறது. இன்றைக்கும் நாம் தென்னம்பிள்ளை, வாழைக்கன்று என்கிறோம். அதில் செலவுக் கணக்கு இல்லை. பிள்ளை என்றால் யாரோ வளர்க்க வேண்டும் என்ற நினைப்பு மட்டும் இருக்கிறது. இதை வைத்து நம் முன்னோர் உயர்ந்தவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த முன்னோர் வழிவந்த கங்காணிதான் அதே பிள்ளைகளைக் கப்பலேற்றினார்.

வண்டு வந்த பிறகு காய்ப்பு கூடியது. பாதியளவு காய்த்துக்கொண்டிருந்த குலைகள் நிறைந்து காய்த்தன, குலையின் எடை ஏறியது, ஊதுகுழல்களுக்கு வேலை போனது. வண்டு செய்வதை இப்போது 'சூழல் சேவை' என்பார்கள். 1997இல் ராபர்ட் காஸ்டன்ஸாவும் உடன் ஆய்வாளர்களும் உலகம் முழுக்க இயற்கை செய்யும் இத்தகைய சேவைகளின் மதிப்பு ஆண்டுக்கு 33 டிரில்லியன் டாலர் என்று கணக்கிட்டார்கள். அன்றைய உலகின் மொத்த உற்பத்தியைவிட அது அதிகம். காட்டை அழிப்பவனுக்கு எதை அழிக்கிறான் என்று காட்டுவதற்காகச் செய்த கணக்கு, எண்ணம் நல்லதுதான். ஆனால் அந்தத் தொகையை யாரும் யாருக்கும் கொடுக்கப் போவதில்லை.

பாட்டி மரத்துக்கு மரம் போனது தன் பிள்ளைகளுக்காக. ஐந்து பேர். வண்டு பூவுக்குப் பூ போவதும் தன் புழுக்களுக்காகத்தான். இரண்டு பேருக்குமே செம்பனையின் காய்ப்பில் தனிப்பட்ட அக்கறை எதுவும் இல்லை. இருந்தும் ஒருத்தியின் அலைச்சல் கணக்குப் புத்தகத்தில் செலவு, மற்றதன் அலைச்சல் இலவசம். ஏன்? வண்டுக்கு என்ன தெரியும், அது உழைக்கவில்லை, வாழ்கிறது, அவ்வளவுதான் என்று சொல்லலாம். எளிய பதில். ஆனால் இந்தப் பதிலை வண்டோடு நிறுத்திக்கொள்ள முடிவதில்லை. பாட்டி ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு லயத்துக்கு வந்த பிறகு செய்ததை எங்கே எழுதுவது? ஆயாக் கொட்டகையிலிருந்து பிள்ளையைத் தூக்கி வந்து, தண்ணீர் பிடித்து, ஆக்கிப் போட்டு, காய்ச்சலுக்கு விழித்துக் கிடந்து, அடுத்த பெரட்டுக்குத் தாத்தாவையும், பதினைந்து வருஷம் கழித்து வரப்போகிற பெரட்டுக்கு என் மாமாக்களையும் தயார் செய்தாரே, அது எந்தப் பத்தியில் வரும்? அதுவும் வண்டின் பத்தியில்தான் வந்தது. அவளும் உழைக்கவில்லை, வாழ்ந்தாள், அவ்வளவுதான்.

தோட்டத்துக்கு இது எப்போதும் தெரிந்திருந்தது. தொடக்க காலத்தில் கூலிகளைப் பெற்று வளர்த்த செலவு தஞ்சாவூர், திருச்சி, சேலம் பக்கத்துக் கிராமங்களோடு போனது. வளர்ந்த உடம்பு மட்டும் கப்பலில் வந்தது. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது ஒரு லட்சத்துக்கும் அதிகமான பேரைத் திருப்பி அனுப்பினார்கள். வேலையில்லாத காலத்தில் அவர்களைச் சோறு போட்டு வைத்திருக்க வேண்டியதும் அந்தக் கிராமமே. 1938இல் இந்திய அரசு மலாயாவுக்குக் கூலி அனுப்புவதைத் தடுத்தது. அதற்கப்புறம் தோட்டத்துக்கு வேண்டிய ஆள் லயத்திலேயே பிறந்து வளர வேண்டியிருந்தது. பிறந்தார்கள். என் அம்மாவின் தலைமுறை வரைக்கும் பிறந்தார்கள்.

சில்வியா ஃபெடரிச்சி 1975இல் வீட்டு வேலைக்குக் கூலி கேட்டு எழுதியதைப் படித்த சூட்டில் பாட்டியிடம் போய் இதையெல்லாம் விளக்கினேன். கேட்டுவிட்டு, "எம்புள்ளைக்கு நான் பால் குடுத்ததுக்குத் துரை காசு குடுப்பானா? குடுத்தாலும் நான் வாங்குவனா?" என்றார். இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. பால் கொடுத்ததற்குக் கூலி என்பது அவருக்குக் கேவலமாகப்பட்டது. அது சரியான உணர்வு என்றே நினைக்கிறேன். ஆனால் அவர் வாங்கமாட்டார் என்பதும், அவருக்குக் கொடுக்க வேண்டியதில்லை என்பதும் இரண்டு வெவ்வேறு சங்கதிகள். தன் பிள்ளைக்காகச் செய்கிறவள் விலை பேசமாட்டாள் என்பது தெரிந்தே ஒரு தொழில் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் என்றால், அங்கே அன்பைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. உட்கார்ந்திருப்பவரைத்தான் கேட்க வேண்டும்.

ஊதுகிற வேலை போனதில் அவருக்குப் பெரிய வருத்தம் இருந்ததா என்று கேட்டேன். முள்ளும் வெயிலும் போனதில் என்ன வருத்தம் என்றார். பிறகு கொஞ்சம் நேரம் கழித்து, "அது நல்ல வேலைடி. அதுக்கப்புறம் மருந்தடிக்கப் போட்டாங்க" என்றார். மருந்து என்றால் களைக்கொல்லி. முதுகில் தொட்டி, முகத்தில் ஒரு துணி. பெரிய தோட்டங்களில் அந்த வேலையையும் அதிகம் சுமந்தது தமிழ்ப் பெண்களே. தெனாகானித்தா அமைப்பு 2002இல் அவர்கள் உடம்புக்கு என்ன ஆனது என்று ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்த ஆண்டே பாராக்குவாட்டைத் தடை செய்யப்போவதாக அரசு சொன்னது, 2006இல் பின்வாங்கியது, 2020இல்தான் முழுத் தடை வந்தது. பாட்டியின் நகங்கள் கடைசி வரை சரியாக முளைக்கவில்லை.

இப்போது இதே ஜொகூரில், என் வயதுப் பெண்களுக்கு வேறொரு பாடம் நடக்கிறது. இந்தியர்களின் எண்ணிக்கை சுருங்குகிறது, பிறப்பு விகிதம் பதிலீட்டு அளவுக்குக் கீழே போய்விட்டது, ஆகவே பெற்றுக்கொள்ளுங்கள். தகவல் சரிதான். போன வருஷம் ஒரு மண்டபக் கூட்டத்தில் ஒரு பெரியவர் மேடையேறி, காக்கையைப் பாருங்கள், எவ்வளவு நெருக்கடியிலும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறதே, இதுதான் இயற்கை, நம் பெண்கள்தான் இயற்கைக்கு மாறாகப் போகிறார்கள் என்று பேசினார். விடிகாலையில் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் ராத்திரி திரும்புகிற நாலைந்து பெண்கள் என் வரிசையில் இருந்தார்கள். ஒருத்தி கொட்டாவி விட்டாள். எனக்கு எழுந்து ஒன்று கேட்க ஆசை. ஐயா, அந்தக் காக்கைக் கூட்டில் இருப்பது யார் குஞ்சு? ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் குயில் காக்கைக் கூட்டில்தான் முட்டையிடுகிறது. குயிலும் இயற்கைதான். அதன் பாட்டுக்கு நாம் ஆயிரம் வருஷமாக உருகிக்கொண்டிருக்கிறோம். பெற்றுவிட்டு வளர்க்காமல் பறந்துபோகும் தாய்க்கு இப்படி ஒரு மரியாதையை வேறெங்கும் நாம் கொடுத்ததில்லை.

இயற்கையிலிருந்து நீதி எடுப்பதில் உள்ள சிக்கலைக் கூகை இன்னும் தெளிவாகக் காட்டும். வண்டின் புழுக்கள் ஆண் பூவுக்குள் கொழுத்ததும் எலிகளுக்குப் புதுத் தீனி கிடைத்தது. எலி ஏற்கெனவே தோட்டத்தின் பெரிய தலைவலி. அதற்குக் கூகைகளை வளர்த்தார்கள். தீபகற்பத்தில் கூகை குஞ்சு பொரித்தது முதன்முதலாகப் பதிவானதும் 1960களின் இறுதியில் ஜொகூரின் ஒரு செம்பனைத் தோட்டத்தில்தான். இப்போது தோட்டங்களில் கம்பத்தின் மேல் மரப்பெட்டி மாட்டி வைத்திருப்பதைப் பார்க்கலாம். அந்தப் பெட்டிக்குள் முட்டைகள் ஒன்றாகப் பொரிவதில்லை, இரண்டு மூன்று நாள் இடைவெளியில் ஒவ்வொன்றாகப் பொரியும். மூத்தது பெரிதாக நிற்கும்போது கடைசிக் குஞ்சு கைப்பிடி பஞ்சு. எலி குறைந்தால் கடைசிக் குஞ்சு சாகும், சில சமயம் மூத்தவை அதைத் தின்றும்விடும். இது ஒரு பக்கம். சுவிட்சர்லாந்தில் கூகைக் கூடுகளைப் பல ஆண்டு கவனித்த அலெக்ஸாந்தர் ருலாங்கும் அவர் சகாக்களும் இன்னொன்றைக் கண்டார்கள். தாய் இரையோடு வருவதற்கு முன்பே குஞ்சுகள் தங்களுக்குள் மாறி மாறிக் குரல் கொடுக்கின்றன. அதிகம் பசித்தது அதிகம் கத்துகிறது, மற்றவை விட்டுக்கொடுக்கின்றன. மூத்த குஞ்சு தன் பங்கு எலியைத் தம்பிக்கு ஊட்டுவதும் உண்டு.

கூட்டில் அண்ணன் தம்பியைத் தின்பான் என்பதை ஒருவர் மேடையில் எடுத்துக்கொண்டு, இதுதான் வாழ்க்கை, பலமுள்ளது பிழைக்கும் என்று பேசலாம். ஊட்டுவதை எடுத்துக்கொண்டு இன்னொருவர் கூட்டுக்குடும்பத்தின் மேன்மையைப் பேசலாம். இரண்டு பேரும் பார்த்த கூடு ஒன்றுதான். உள்ளதிலிருந்து உகந்தது பிறக்காது என்று ஹியூம் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே எச்சரித்திருக்கிறார். பெட்டியில் எலி இருந்ததா இல்லையா என்பதுதான் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. எத்தனை எலி வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் அண்ணன் எப்படிப்பட்டவன் என்பது பெருமளவு அமைகிறது. பெற்றுக்கொள்ளச் சொன்ன பெரியவர் ஆயாக் கொட்டகையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தோட்டம் அதையாவது வைத்திருந்தது.

நாற்பது வருஷம் ஓடியபின் வண்டின் வெற்றிக்கதையிலும் சிறு கீறல் விழுந்திருக்கிறது. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் சில இடங்களில், முக்கியமாக இளம் மரங்களில், காய்ப்பு மறுபடி குறைகிறது. வண்டு இருக்கிறது, ஆனால் போதிய ஆண் பூ இல்லை, அல்லது வண்டு போதவில்லை. அதனால் சில தோட்டங்களில் டால்க் மாவும் ஊதுகுழலும் திரும்பி வந்திருக்கின்றன. இந்தோனேசியாவில் இன்னொரு முறை கண்டுபிடித்தார்கள். வாடிய ஆண் பூவைப் பெட்டிக்குள் வைத்து, பொரிந்து வெளியேறும் வண்டுகள் மேல் மகரந்தத்தைப் பூசி அனுப்புவது.

தீபகற்பத்தின் தோட்டங்களில் இன்று வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியர்கள், வங்காளதேசிகள், நேபாளிகள். இந்தோனேசியர்களில் லொம்போக் தீவுக்காரர்கள் நிறையப் பேர். அவர்களுக்குக் கொடுக்கப்படும் அனுமதிச்சீட்டின்படி மனைவி மக்களை அழைத்து வர முடியாது. இங்கே கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது. பெண் தொழிலாளிக்கு மருத்துவச் சோதனையில் கர்ப்பமா என்றும் பார்ப்பார்கள். கர்ப்பம் என்றால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஆண் பூ வாடியதும் வெட்டிப் போட்டுவிடாதீர்கள், வண்டு அதில் பெருக வேண்டும் என்று அதே தோட்டத்தில் சொல்லி வைத்திருக்கிறார்கள். லொம்போக்கில் ஒரு பாட்டி யாருடைய பிள்ளைக்கோ சோறு ஊட்டிக்கொண்டிருப்பார், அடுத்த பெரட்டுக்கு.